பாத்திரம் அடைத்தவர் எழுதினால் காவியம், தோல் தைத்தவர் எழுதினால் புலம்பலா?



"தலித்துகள் எழுதுவது இலக்கியம் ஆகாது. அது தன்வரலாறு. பட்ட கஷ்டத்தை அப்படியே எழுதிவைக்கிறார்கள். அதில் கலை எங்கே இருக்கிறது?" கோவையில் ஆங்கில இலக்கியம் படிக்கும் நம் பிள்ளைகள் இந்தப் பேச்சைக் கேட்காமல் மூன்று வருடப் படிப்பை முடிப்பதில்லை. வகுப்பில் நேராகச் சொல்லாவிட்டால் கருத்தரங்கின் தேநீர் இடைவேளையில் சொல்வார்கள். அங்கும் சொல்லாவிட்டால் புராஜெக்ட் தலைப்பைத் திருப்பிக் கொடுக்கும்போது சொல்வார்கள். "பாமாவை வேண்டாம், வேறு ஏதாவது கிளாசிக் எடு."

சரி, கிளாசிக்கையே எடுப்போம். அவர்கள் தலையில் வைத்துக் கொண்டாடும் ஆரம்பகால ஆங்கில நாவல்களையே எடுப்போம். அந்தப் புத்தகங்களை ஒழுங்காகப் படித்த எவரும் மேற்படி வாக்கியத்தைச் சொல்ல முடியாது. சொல்கிறவர்கள் ஒன்று படிக்கவில்லை, அல்லது படித்ததை மறைக்கிறார்கள்.

ஆங்கில நாவல் பிறந்ததே தன்வரலாறு என்ற வேடத்தில்தான்

1719 ஏப்ரலில் லண்டனில் 'ராபின்சன் குரூசோ' வெளியானது. அதன் தலைப்புப் பக்கத்தில் டேனியல் டீஃபோ என்ற பெயர் கிடையாது. குரூசோ என்ற மாலுமி தானே எழுதியது என்று அச்சிட்டிருந்தார்கள். வாங்கியவர்களில் பலர் ஒரு மனிதன் தன் வாழ்க்கையைச் சொல்கிறான் என்று நம்பித்தான் படித்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் நான்கு பதிப்புகள் விற்றன.

1740இல் சாமுவேல் ரிச்சர்ட்சன் 'பமீலா'வை வெளியிட்டார். அவரும் தன்னை ஆசிரியர் என்று சொல்லிக்கொள்ளவில்லை. ஒரு பதினைந்து வயது வேலைக்காரப் பெண் தன் பெற்றோருக்கு எழுதிய கடிதங்களைத் தொகுத்தவர் மட்டுமே என்று காட்டிக்கொண்டார்.

புரிகிறதா? ஆங்கில நாவல் என்ற வடிவம் "இது நடந்தது, நான் பட்டது" என்ற குரலைக் கடன் வாங்கித்தான் கண் திறந்தது. பொய்யாகத் தன்வரலாறு எழுதினால் அது உலக இலக்கியத்தின் தொடக்கம். உண்மையாகத் தன்வரலாறு எழுதினால் அது இலக்கியமே இல்லை. இந்த அளவுகோலை எந்தக் கடையில் வாங்கினார்கள் என்று நீங்கள் கேட்க வேண்டும்.

எழுதியவர்கள் யார்?

நாவலுக்கு முன்னோடி என்று எல்லாப் பாடநூல்களும் சொல்லும் ஜான் பன்யன் ஓட்டைப் பாத்திரம் அடைப்பவர். அப்பன் தொழிலும் அதுவே. உரிமம் இல்லாமல் பிரசங்கம் செய்தார் என்று 1660இல் பிடித்துப் போட்டார்கள். பன்னிரண்டு ஆண்டுகள் சிறை. அங்கிருந்து 1666இல் அவர் வெளியிட்ட முதல் முக்கியமான புத்தகம் ஒரு தன்வரலாறு. நாட்டிலேயே மிகவும் இழிவாகக் கருதப்பட்ட குடும்பங்களில் ஒன்று தன்னுடையது என்று அதில் எழுதினார். 1678இல் வந்த 'மோட்சப் பயணம்' அதற்குப் பிறகுதான்.

டீஃபோவின் அப்பா மிருகக் கொழுப்பில் மெழுகுவத்தி காய்ச்சி விற்றவர். குடும்பம் அரசுத் திருச்சபையை ஏற்காத பிரிவைச் சேர்ந்தது. அதனால் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் கதவுகள் டீஃபோவுக்கு மூடியிருந்தன. வியாபாரத்தில் திவாலானார். துண்டுப் பிரசுரம் எழுதியதற்காக 1703இல் நடுத்தெருவில் கட்டையில் மாட்டி நிறுத்தினார்கள். ரிச்சர்ட்சன் தச்சரின் மகன், அச்சுக்கூடம் நடத்தியவர்.

இவர்களை அன்றைய கனவான்கள் வரவேற்றார்களா? 'பமீலா' வந்த அடுத்த ஆண்டே ஈட்டனில் படித்த, பிரபுக் குடும்ப உறவுள்ள ஹென்றி ஃபீல்டிங் 'ஷமீலா' என்று ஒரு நையாண்டி எழுதினார். வேலைக்காரி தன் மானத்தைப் பற்றிப் பேசுகிறாளா, அவள் நாடகக்காரி, முதலாளியை வளைத்துப்போடப் பார்க்கிறாள் என்பதுதான் அந்தக் கேலியின் சாரம். இந்தக் குரல் உங்களுக்குப் பழக்கமானதுதானே? வன்கொடுமைப் புகார் கொடுத்த நம் பெண்ணைப் பார்த்து ஊர்ப் பெரியவர்கள் பேசுவதும் இதே பேச்சுதான். இந்த ஃபீல்டிங்கும் பாடத்தில் இருக்கிறார். இருக்கட்டும். அவர் கேலி செய்தது எந்த உரிமையில் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்கிறோம்.

பாத்திரம் அடைத்தவர், கொழுப்புக் காய்ச்சியவரின் மகன், தச்சரின் மகன். பட்டம் இல்லாதவர்கள், பல்கலைக்கழகம் வாசலிலேயே நிறுத்தியவர்கள். இந்த மூவரும் இன்று ஏதாவது ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர் வேலைக்கு மனுப் போட்டால் நேர்காணலுக்குக்கூடக் கூப்பிடமாட்டார்கள். ஆனால் செத்து முந்நூறு வருடம் ஆனதால் அவர்களுக்குப் பூணூல் போட்டு உட்காரவைத்திருக்கிறார்கள்.

நான் மிகைப்படுத்தவில்லை. பன்யனுக்குத் தமிழில் என்ன நடந்தது பாருங்கள். பாமரனும் புரிந்துகொள்ளும் பேச்சு உரைநடையில் அவர் எழுதிய கதையைத் தழுவி, திருநெல்வேலிச் சீமை வேளாளரான எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை 1894இல் 'இரட்சணிய யாத்திரிகம்' வெளியிட்டார். கம்பன் வழியில் விருத்தப்பாவில் அமைந்த காவியம். கிருஷ்ணபிள்ளையின் புலமையை நான் குறைசொல்லவில்லை. பாத்திரம் அடைத்தவரின் புத்தகம்கூட நம் ஊருக்குள் வர வேண்டுமானால் புலவர் வேடம் கட்டிக்கொண்டுதான் வர வேண்டியிருந்தது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஸூரியின் விலை என்ன?

இதோடு நிறுத்தினால் நாமும் பாதி உண்மையைச் சொன்னவர்கள் ஆவோம். அடிமட்டத்திலிருந்து வந்த அந்த வடிவம் தனக்கும் கீழே இருந்தவனை என்ன செய்தது?

குரூசோ தீவில் மாட்டிக்கொள்வதற்கு முன்பு மொராக்கோக் கரையில் அவனே அடிமையாக இருந்தவன். அங்கிருந்து ஸூரி என்ற சிறுவனோடு படகில் தப்புகிறான். ஸூரி அவனுக்காக உயிரைக் கொடுக்கவும் தயாராக இருக்கிறான். அவர்களைக் காப்பாற்றிய போர்த்துக்கீசியக் கப்பல் தலைவனிடம் குரூசோ அந்தச் சிறுவனை அறுபது வெள்ளிக் காசுக்கு விற்றுவிடுகிறான். கிறித்தவனானால் பத்து வருடத்தில் விடுதலை என்ற நிபந்தனையோடு. பிறகு பிரேசிலில் தோட்டம் போட்டபோது ஸூரியை விட்டது தப்பு என்று வருந்துகிறான். எதற்கு? தோட்ட வேலைக்கு ஆள் பற்றவில்லை என்பதற்கு.

அவன் கப்பல் உடைந்த பயணம் எதற்காகப் புறப்பட்டது? ஆப்பிரிக்காவின் கினி கரையில் அடிமைகளைப் பிடித்துவருவதற்காக. "தனிமனிதனின் உழைப்பு, தன்னம்பிக்கை" என்று ஐந்து மார்க் கேள்விக்கு விடை எழுதுகிறீர்களே, அந்தத் தன்னம்பிக்கைக்காரன் ஆள் வாங்கப் போன வழியில்தான் தீவில் ஒதுங்கினான்.

பிறகு தீவுக்கு வந்தவனுக்கு 'வெள்ளிக்கிழமை' என்று குரூசோ பெயர் வைக்கிறான். அவனுக்கு ஏற்கெனவே ஒரு பெயர் இருக்குமே என்று கேட்கத் தோன்றவில்லை. தன்னை 'எஜமான்' என்று கூப்பிடக் கற்றுக்கொடுக்கிறான். மொழிப் பாடமே அந்தச் சொல்லிலிருந்துதான் தொடங்குகிறது.

பெயர் பிடுங்கும் இந்தக் கலை நமக்குப் புதிதா? பெருமாள்முருகனின் 'கூளமாதாரி' (2000) நாவலில் கவுண்டர் வீடுகளில் ஆடு மேய்க்கும் அருந்ததியர் பிள்ளைகளின் பெயர்களைப் பாருங்கள். கூளையன், நெடும்பன், வவுறி, செவிடி, மொண்டி. எல்லாம் உடம்பைச் சுட்டிக் கூப்பிடும் சொற்கள். ஏசியதே பெயராக நின்றுவிட்டது. நல்ல பெயர் வைத்தாலும் பண்ணயத்தில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள் என்பது நம் பாட்டன் பாட்டிகளுக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமைகள் எழுதவில்லையா? எழுதினார்கள். 1789இல் ஒலாடா எக்குவியானோ லண்டனில் தன் வாழ்க்கையை வெளியிட்டார். அடிமையாக விற்கப்பட்டவர். எஜமானன் வைத்த பெயரை ஏற்க மறுத்ததற்காக அடிபட்டவர். 1766இல் தானே சம்பாதித்த காசைக் கொடுத்துத் தன் விடுதலையை வாங்கியவர். புத்தகத்துக்கு முன்கூட்டியே சந்தாதாரர்களைச் சேர்த்து, உரிமையைப் பதிப்பாளனிடம் விட்டுவிடாமல் தானே வைத்துக்கொண்டார். அவர் உயிரோடு இருந்தபோதே ஒன்பது பதிப்புகள் வந்தன. அதன் தலைப்புப் பக்கத்திலும் "தானே எழுதியது" என்றுதான் இருக்கிறது. குரூசோவின் தலைப்புப் பக்கத்தில் இருந்த அதே சொற்கள். எழுபது வருட இடைவெளியில் ஒரே வாக்கியம். ஒன்று எஜமானன் பேரில் கட்டிய கதை, மற்றொன்று அடிமையாக இருந்தவர் சொன்ன உண்மை. 'நாவலின் தோற்றம்' என்ற பாடத்தில் இரண்டில் எது இருக்கிறது, எது இல்லை என்று உங்கள் சிலபஸைத் திறந்து பாருங்கள்.

1893, சென்னை

இப்போது நம் பக்கம் வருவோம். தமிழில் முதல் நாவல் எது? கேட்டவுடன் சொல்வீர்கள்: மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்', 1879. பிறகு பி.ஆர். ராஜமய்யரின் 'கமலாம்பாள் சரித்திரம்'. 1893 முதல் 'விவேக சிந்தாமணி' இதழில் தொடராக வந்தது. பிறகு அ. மாதவையாவின் 'பத்மாவதி சரித்திரம்', 1898. ஒருவர் முன்சீப், ஒருவர் பி.ஏ. படித்த பட்டதாரி, ஒருவர் உப்பு இலாகா அதிகாரி. மாதவையா குழந்தை மணத்தையும் விதவைக் கொடுமையையும் எதிர்த்து எழுதியவர். இவர்களை வில்லன்களாக்க நான் வரவில்லை. ஆனால் இங்கிலாந்தில் வாசலுக்கு வெளியே நின்றவர்கள் தொடங்கிய வடிவம், தமிழ்நாட்டுக்கு வந்தபோது நேராகக் கூடத்துக்குள் போய்த் திண்ணையில் உட்கார்ந்துகொண்டது என்பதுதான் நடந்தது.

அதே 1893. அதே சென்னை. அக்டோபரில் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' என்ற இதழைத் தொடங்கினார். எவன் எந்தச் சொல்லைக் காறித் துப்பினானோ அந்தச் சொல்லையே முகப்பில் அச்சடித்துத் தெருவில் விற்றார். மாத இதழாகத் தொடங்கி வார இதழாகி 1900 வரை வந்தது. அதுவும் முதல் முயற்சி இல்லை. ஜெ. பாலசுப்பிரமணியம் தலித் இதழ்களைப் பற்றிச் செய்த ஆய்வு 1869ஆம் ஆண்டின் 'சூரியோதய'த்திலிருந்து தொடங்குகிறது. பிரதாப முதலியார் அச்சேறுவதற்குப் பத்தாண்டுகள் முன்பு! 1907இல் அயோத்திதாசர் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினார். ஆக, அச்சு எந்திரம் வந்த காலத்தில் நம் ஆட்கள் எழுத்தறியாமல் கைகட்டி நின்றார்கள், பிறகு யாரோ வந்து கைதூக்கிவிட்டார்கள் என்ற கதை பச்சைப் பொய்.

"இதழ் வேறு, நாவல் வேறு. இரண்டையும் எப்படி ஒப்பிடுவது?" என்று ஒரு பேராசிரியர் கேட்பார். அவரிடம் திருப்பிக் கேளுங்கள். ஆங்கில நாவலின் தோற்றத்தைப் பாடம் நடத்தும்போது 1709இன் 'டாட்லர்', 1711இன் 'ஸ்பெக்டேட்டர்' இதழ்களை ஏன் ஐயா நடத்துகிறீர்கள்? அடிசனும் ஸ்டீலும் காப்பிக் கடைக்காரர்களுக்கு எழுதிய கட்டுரைகள் நாவலுக்கு மண் தயார் செய்தன என்றால், சீனிவாசனும் அயோத்திதாசரும் எழுதியவை தமிழ் உரைநடைக்கு எந்த மண்ணையும் தயார் செய்யவில்லையா? நாவல் வரலாறு கேட்கும் எத்தனை வினாத்தாளில் 'பறையன்' என்ற பெயரைப் பார்த்திருக்கிறீர்கள்?

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த முதல் நாவல்கள் எல்லாமே பெயரில் 'சரித்திரம்' என்று வைத்துக்கொண்டன. கற்பனை மனிதர்களின் வாழ்க்கைக்குச் 'சரித்திரம்' என்று பெயர். 1939இல் இரட்டைமலை சீனிவாசன் தன் நிஜ வாழ்க்கையை எழுதினார். பத்திரிகை நடத்தியவர், தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்தவர், சென்னைச் சட்டமன்ற மேலவையில் பேசியவர், பாபாசாகேபுடன் லண்டன் வட்டமேசை மாநாட்டில் உட்கார்ந்தவர். அவ்வளவையும் ஒரு சிறு நூலில் அடக்கி 'ஜீவிய சரித்திர சுருக்கம்' என்று பெயர் வைத்தார். கற்பனை முதலியாருக்குச் சரித்திரம், ரத்தமும் சதையுமான சீனிவாசனுக்குச் சுருக்கம். நம்முடைய இலக்கிய வரலாறே இந்த இரண்டு தலைப்புகளுக்குள் இருக்கிறது.

கோயம்புத்தூர் கலாசாலையில் ஒரு மாணவர்

அந்தச் சுருக்கத்தில் கோவைக்காரர்கள் மனப்பாடமாக அறிந்திருக்க வேண்டிய ஒரு பகுதி உண்டு. சீனிவாசன் படித்தது கோயம்புத்தூரில். கலாசாலையில் ஏறக்குறைய நானூறு மாணவர்கள், அவர்களில் பத்துப் பேர் போக மற்ற எல்லோரும் பார்ப்பனர்கள் என்று எழுதுகிறார். யாருடனாவது சிநேகம் பிடித்தால் சாதியும் குடியிருக்கும் இடமும் தெரிந்துவிடும் என்று அஞ்சி விலகியே இருந்திருக்கிறார். பள்ளிக்கு வெளியே எங்காவது உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பார். மணி அடித்த பிறகே வகுப்புக்குள் நுழைவார். விட்டவுடன் யாரும் தன்னை எட்டிப்பிடிக்காதபடி வேகமாக வீட்டுக்கு நடந்துவிடுவார். சக பிள்ளைகளோடு விளையாட முடியாமல் போன கொடுமையை எப்படி வெல்வது என்று ஓயாமல் யோசித்ததாகச் சொல்கிறார்.

இதை எந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டும்? ஆங்கில இலக்கியம் ஒரு பாடமாக உருவானதே இங்கிலாந்தில் இல்லை, காலனிய இந்தியாவில்தான் என்று கௌரி விஸ்வநாதன் 1989இல் ஒரு முழு நூலாக எழுதிக் காட்டினார். ஆக்ஸ்ஃபோர்டு அதைத் தனிப் பாடமாக ஏற்றது பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில்தான். அதற்கு எவ்வளவோ முன்பே நம் ஊர்க் கலாசாலைகளில் ஆங்கிலப் புத்தகங்களைப் படித்துத் தேர்வு எழுதி, அந்தத் தேர்வைக் காட்டி உத்தியோகம் வாங்கிக்கொண்டிருந்தார்கள். அதாவது ஆங்கில இலக்கியம் இங்கே ரசனையாக வரவில்லை. அரசாங்க நாற்காலிக்கு ஏணியாக வந்தது. அந்த ஏணியை நானூற்றில் முந்நூற்றுத் தொண்ணூறு பேர் பிடித்துக்கொண்டிருந்த வகுப்பறைக்குள், மணி அடித்த பிறகு பதுங்கி நுழைந்த ஒரு பையனும் இருந்தார். ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்து என்று காங்கிரஸ் கேட்டபோது அதை எதிர்த்து அவர் மனு அனுப்பியதன் பொருள் அந்த வகுப்பறையைப் பார்த்தால்தான் விளங்கும். ஏணி யார் கையில் இருக்கிறது என்று அவர் கண்ணால் பார்த்திருந்தார்.

இன்று நுழைவாயிலில் யாரும் தடுப்பதில்லை. ஆனால் முதல் தலைமுறையாக ஆங்கில வகுப்பில் உட்காரும் நம் பிள்ளை வாயைத் திறந்தவுடன் உச்சரிப்பைப் பார்த்து ஒரு சிரிப்பு வருகிறதே, ஊர் எது, ஊரில் எந்தப் பக்கம் என்று ஒரு கேள்வி வருகிறதே, அந்தக் கேள்விக்கு வயது நூற்று நாற்பதுக்குக் குறையாது.

தோலைத் தொட்டால் தீட்டு, தோல் அட்டையைத் தொட்டால் பண்டிதர்

கொங்கு மண் வானம் பார்த்த மண். கிணற்று நீர்தான் வாழ்வு. மின்சார மோட்டார் வருவதற்கு முன்பு கவலை பூட்டி மாடு ஓட்டித்தான் தண்ணீர் இறைத்தார்கள். கவலைக்குத் தோல் தைத்துக் கொடுத்தவர்கள் மாதாரிகள். அந்தத் தோல் இல்லையென்றால் ஒரு வயலும் நனைந்திருக்காது, ஒரு குடும்பமும் 'பெரிய பண்ணயம்' ஆகியிருக்காது. தோல் வழியாக வந்த தண்ணீர் தீட்டில்லை, தோல் தைத்த கை தீட்டு.

லண்டனிலும் அந்தக் காலத்து நாவல்களைக் கன்றுத் தோலிலும் ஆட்டுத் தோலிலும்தான் அட்டை கட்டினார்கள். தோல் அட்டை போட்ட பழைய பதிப்பு என்றால் இன்றும் அறிஞர்கள் தடவித் தடவிப் பார்ப்பார்கள். உரித்தவன் யார், பதப்படுத்தியவன் யார் என்ற கேள்வி மட்டும் அந்த அறிவுக்குள் நுழையாது. அன்று நாவல் சாமானியர்களின் வடிவம் என்று சொல்வதும் அரை உண்மைதான். ஃபீல்டிங்கின் 'டாம் ஜோன்ஸ்' (1749) விலை ஒரு கூலித் தொழிலாளியின் வாரக் கூலியைவிட அதிகம் என்று இயன் வாட் தன் புகழ்பெற்ற நூலில் (1957) குறிப்பிடுகிறார். எழுத நேரமும் படிக்கக் காசும் யாருடைய உழைப்பிலிருந்து மிச்சமாகின என்று கேட்காத இலக்கிய வரலாறு கணக்கில் பாதியை மறைத்த வட்டிக்காரன் நோட்டு.

கொங்கு நாவல் என்றால் 1942இல் ஆர். சண்முகசுந்தரம் எழுதிய 'நாகம்மாள்' என்று தொடங்குவார்கள். நிலத்தில் தன் பங்கைக் கேட்டு நின்ற ஒரு விதவையின் கதை. நல்ல நாவல், படியுங்கள். நிலத்தில் பங்கு கேட்க அவளுக்கு ஒரு உறவாவது இருந்தது. அந்த நிலத்தை நனைத்தவர்களுக்குப் பங்கு கேட்க வாய்கூட இல்லை. 'கூளமாதாரி' வந்து கூளையனை நடுவில் நிறுத்த ஐம்பத்தெட்டு வருடம் ஆனது. அதை எழுதியவரும் கூளையனின் வளவில் பிறந்தவர் அல்ல. எழுதியதற்கு நாம் கோபப்பட வேண்டியதில்லை. கூளையனே எழுதினால் அதற்கு "புலம்பல்" என்று பெயர் வைக்கக் காத்திருப்பவர்கள் மீதுதான் நம் கோபம்.

நாவல் என்றால் என்ன, அது என்ன செய்யும் என்பது கொங்குச் சாதிச் சங்கங்களுக்கு நன்றாகத் தெரியும். 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் 'மாதொருபாகன்' நாவலைக் கொளுத்தினார்கள். 2015 ஜனவரியில் எழுத்தாளன் செத்துவிட்டான் என்று பெருமாள்முருகனே அறிவிக்கும் நிலைக்குத் தள்ளினார்கள். அதே திருச்செங்கோட்டில், அதே ஆண்டு ஜூனில், சாதி கடந்து ஒரு பெண்ணோடு பேசிக்கொண்டிருந்த குற்றத்துக்காக நம் தம்பி கோகுல்ராஜைக் கோயிலிலிருந்து கடத்திக் கொன்று தண்டவாளத்தில் போட்டார்கள். அடுத்த மார்ச்சில் உடுமலையில் சங்கரைப் பட்டப்பகலில் வெட்டினார்கள். ஆறு மாத இடைவெளியில் ஒரே ஊரில் ஒரு புத்தகமும் ஓர் உடலும். இரண்டையும் தனித்தனிச் செய்தியாகப் படிக்கிறவர்கள் இரண்டையும் புரிந்துகொள்ளவில்லை.

'பமீலா'வின் முடிவு என்ன தெரியுமா? தன்னை வல்லுறவு செய்ய முயன்ற முதலாளியையே வேலைக்காரி கல்யாணம் செய்துகொள்கிறாள். அது அவள் கற்புக்குக் கிடைத்த 'பரிசு' என்று தலைப்பிலேயே போட்டிருக்கிறார்கள். இதை நம்பும்படி இருக்கிறதா என்று பதினெட்டாம் நூற்றாண்டு லண்டன் விவாதித்தது. உடுமலையிலிருந்தும் பள்ளிபாளையத்திலிருந்தும் வந்து இந்த நாவலைப் படிக்கும் ஒரு மாணவிக்கு, மேல்கீழ் தாண்டிய கல்யாணம் எப்படி முடியும் என்பதில் சொல்வதற்கு எவ்வளவு இருக்கும்! அவளைப் பேசவிடுங்கள். 'பமீலா'வைப் பற்றி உலகில் எங்கும் சொல்லப்படாத ஒன்றை அவள் சொல்வாள்.

அதனால் என்ன செய்வது?

நம் ஆட்களிலேயே இரண்டு பேச்சு இருக்கிறது. "ஆங்கில நாவல் எல்லாம் வெள்ளைக்காரன் குப்பை, நமக்கு எதற்கு?" என்பது ஒன்று. "இங்கிலீஷ் வேலைக்கு வேண்டும், இலக்கியம் சோறு போடாது" என்பது மற்றொன்று. இரண்டும் அந்தப் புத்தகங்களை எதிரி கையிலேயே விட்டுவிடும் பேச்சு. பன்யனும் டீஃபோவும் அவர்கள் வீட்டுச் சொத்து இல்லை. ஸூரியும் எக்குவியானோவும் நமக்கு அந்நியர்களும் இல்லை. படிக்காமல் விட்டால், ஸூரியை விற்ற பக்கத்தைத் தாண்டிவிட்டுப் பாடம் நடத்துகிறவருக்குத்தான் அது வசதி.

எனவே, இந்த செமஸ்டரிலேயே செய்யக்கூடியவை:

ஒன்று. 'ராபின்சன் குரூசோ' பாடத்தில் இருந்தால் ஸூரியை விற்கும் பகுதியை மூல நூலில் தேடிப் படியுங்கள். கைடு வேண்டாம். குரூசோவின் குணநலன் பற்றிய கேள்வி வந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள். நூலில் உள்ளதைத்தானே எழுதுகிறீர்கள்? மார்க்கைக் குறைத்தால் எந்தப் பக்கத்தில் பிழை என்று கேளுங்கள்.

இரண்டு. புராஜெக்ட் தலைப்பு தேடுகிறவர்களுக்கு ஒன்று தருகிறேன். 'தானே எழுதியது' என்ற உரிமைகோரல்: டீஃபோ, எக்குவியானோ, இரட்டைமலை சீனிவாசன். கிளாசிக் வேண்டும் என்றார்கள் அல்லவா, இதோ கிளாசிக். நம் சீனிவாசனும் கூடவே வருவார். மறுக்கக் காரணம் தேடட்டும்.

மூன்று. தன்னாட்சிக் கல்லூரிகள் பாடத்திட்டத்தைத் தாங்களே வகுத்துக்கொள்கின்றன. அதற்குப் பாடத்திட்டக் குழு இருக்கிறது. கையெழுத்து வாங்கி அந்தக் குழுவுக்கு மனுக் கொடுங்கள். கோரிக்கை எளிமையானது. 'தலித் இலக்கியம்' என்று கடைசி செமஸ்டரில் விருப்பப் பாடமாக ஓரத்தில் ஒதுக்க வேண்டாம். ஊருக்கு வெளியே சேரி போல அது என்ன ஒரு தனித் தாள்? 'கருக்கு' (1992) தன்வரலாற்று வடிவம் நடத்தும் இடத்தில் இருக்கட்டும். எக்குவியானோ டீஃபோவுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். 'பறையன்' இதழ் 1893 என்ற ஆண்டுக்கு நேராக இருக்கட்டும். அதுதான் அதன் இடம்.

நான்கு. இதுதான் முக்கியம், இதுதான் அவசரம். கவலை ஓட்டியதைக் கண்ணால் பார்த்தவர்கள், தோல் தைத்தவர்கள், வருடக் கூலிக்கு ஆடு மேய்க்க விடப்பட்டவர்கள் நம் வளவுகளில் இன்னும் சிலர் உயிரோடு இருக்கிறார்கள். எல்லோரும் வயதானவர்கள். உங்கள் எல்லோர் கையிலும் போன் இருக்கிறது. விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது உட்கார்ந்து கேளுங்கள். அவர்கள் சொல்வதைச் சொன்ன வார்த்தையிலேயே பதிவு செய்யுங்கள். ஊர்க்காரர்கள் வைத்த பெயர் எது, பெற்றவர்கள் வைத்த பெயர் எது என்று முதலில் கேளுங்கள். திருத்தாதீர்கள். இலக்கியமாக்குகிறேன் என்று மெருகு போடாதீர்கள். எழுதி, அவர்களுக்கே வாசித்துக் காட்டி, அவர்கள் ஒப்பிய பிறகு அவர்கள் பெயரிலேயே அச்சிடுங்கள். தலைப்புப் பக்கத்தில் யார் சொன்னது என்பது பெரிதாக இருக்கட்டும், யார் எழுதியெடுத்தது என்பது சின்னதாக இருக்கட்டும்.

அது நாவலா, தன்வரலாறா, புலம்பலா என்று முடிவு செய்யும் வேலையை நாம் யாருக்கும் கொடுக்கவில்லை. டீஃபோவும் யாரிடமும் கேட்கவில்லை. பக்கத்தை நிரப்புங்கள். சுருக்கமாக இல்லை, முழுச் சரித்திரமாக.

ஜெய் பீம்.